முதல் பத்துக்குள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் இசைக்குழு ஊர் ஊராகச் சுற்றும் இந்த வேனில் ஐந்து பேர் இருக்கிறோம். போனில் பேசினால் நாலு பேரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள், அதனால்தான் கடிதம். வாராவாரம் அதிகம் பேர் கேட்ட பாட்டுகள் என்று ஒரு பட்டியல் வரும், சொல்லியிருக்கிறேனே, அதில் எங்கள் பாட்டு எட்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. பாப் ராக் பாட்டு ஒன்று முதல் பத்துக்குள் வந்தே நாலு வருஷம் ஆகிறதாம். இன்னும் இரண்டு வாரம் நின்றால் முழு ஆல்பத்துக்கு ஒப்பந்தம். விழுந்தால் பாட்டை வெளியிட்ட கம்பெனிக்காரர் வாயிலிருந்து "பாக்கலாம் தம்பி" மட்டும்தான் வரும்.

"எட்டாவது எடம்னா எட்டாவது மாடி ஜன்னல்ல நிக்கற மாதிரி. கீழ மட்டும் பாக்காத" என்கிறான் டிரம்ஸ்காரன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாட்டைக் கேட்டாயா? ஒரு வரிகூட எழுதவில்லையே.

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

கேட்டேன். நடுவில் கிடார் கொஞ்சம் நீளம். பாராட்ட எனக்கு வராது, உனக்குத் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறவள் சொல்கிறேன்: வேகமாக ஏறியது பெரும்பாலும் அடுத்த வாரம் இறங்கும். அதற்கு நீ தயாராக இருக்க வேண்டும்.

இங்கே கல்லூரி விடுமுறை. கணினி அறைச் சாவி மட்டும் என் பொறுப்பில் இருக்கிறது. தினமும் போய்வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழாம் இடத்துக்கு வந்தோம். மறுநாளே பட்டியலிலிருந்து எங்களைத் தூக்கிவிட்டார்கள். ஏதோ ஓரிடத்தில் நாற்பது கணினிகள் ஐந்து நாள் விடாமல் எங்கள் பாட்டையே ஓட்டியிருக்கின்றனவாம். எந்த இடம் என்று சொல்ல மாட்டார்களாம்.

டிரம்ஸ்காரன் முன்பு கம்ப்யூட்டர் பழுதுபார்த்தவன். எல்லோரும் அவனையே பார்க்கிறோம். "டேய், நான் அடிக்கறது டிரம்ஸ் மட்டும்தான்டா. பித்தலாட்டம் இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

27ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் செய்த ஆளைக் காட்டாவிட்டால், அவனை நீக்கச் சொல்கிறது கம்பெனி. பட்டியல்காரர்கள் அனுப்பிய அறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன். நீ படித்தவள், பார்த்துச் சொல். அவன்தானா?

உன் தம்பி

மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

அவன் இல்லை. நான்தான்.

முந்தாநாள் போன் செய்து, "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேனே, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

நீ விழுந்துவிடுவாய் என்று பயம். நாற்பது கணினியிலும் பாட்டை ஓடவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வந்தேன். விடைத்தாளைப் பார்த்தே காப்பியடித்தவர்களைக் கண்டுபிடிக்கிறவள் நான். ஒரு பதிவு இடைவெளியே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் அது மனிதர் செய்ததில்லை என்று வகுப்பில் சொல்பவளும் நான்தான். பயந்தபோது படித்தது ஒன்றும் துணைக்கு வரவில்லை.

பட்டியல் போடுகிறவர்களுக்கு எழுதிவிட்டேன். துறைத் தலைவரிடமும் சொன்னேன். "ஏன் மேடம்?" என்றார். "தம்பி பாட்டு" என்றேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். விசாரணை முடியும்வரை வகுப்பெடுக்க வேண்டாமாம்.

கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும் என்கிறார்கள். கிடைத்ததும் அவனிடம் பேசு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவனைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுவிட்டோம். பள்ளிக்கூட நண்பன் என்பதால் சொல்லும் வேலை எனக்கு. டிரம்ஸ் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான்.

கடிதத்தை அவன் வீட்டுக்கே எடுத்துப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்று இரண்டு தடவை படித்தான்.

"அக்கா பாசத்துல பண்ணிட்டாங்க. நீ எதுல பண்ணின?" என்றான்.

பட்டியல்காரர்கள் கணக்கைத் திருத்திவிட்டார்கள். உன் நாற்பது கணினிகளைக் கழித்தாலும் நாங்கள் ஒன்பதாம் இடம். விழுந்திருக்கவே மாட்டோம், அக்கா. ஒப்பந்தமும் வந்துவிட்டது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. அவன் போடாமல் நான் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். திங்கள்வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

தினமும் அவன் வீட்டுக்குப் போகிறேன். நேற்று நாற்காலி போட்டான், வாசலில்தான்.

நீ அவனுக்கு எழுதாதே. கம்பெனியிடமும் பேசாதே. எனக்காகத்தான் செய்வாய், தெரியும். இந்த ஒன்றை மட்டும் என்னிடம் விட்டுவிடு. கெட்டுப்போனால் போகட்டும்.

உன் தம்பி