உம் பெயரில் நான் தொட்ட பச்சை

அண்ணே,

இன்று காலை உம்முடைய ஸ்கேனர் ரிப்பேர் முடிந்து ஆபீசுக்குத் திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்ததும் ரப்பர் ஷீட் புகையின் வாடை. கருங்கல் ஊரில் உம்ம வீட்டில் ஷீட்டுக்குப் புகை போடும் அறையை ஒட்டின ஜன்னலில்தானே அதைச் சார்ஜுக்குப் போட்டு வைப்பீர்! இத்தனை மாதமாகியும் உறையை விட்டு அந்த வாடை போகவில்லை. நீர் சுற்றின சிவப்பு ரப்பர் பேண்டும் அப்படியே இருக்கிறது.

மார்த்தாண்டம் பார்சல் ஆபீசில் நான் இன்சார்ஜ், நீர் வேன் டிரைவர். ஆனாலும் உமக்கு நான் ‘மக்கா’தான். வண்டி கிளம்புமுன் டயர், லைட்டு, பிரேக்கு எல்லாவற்றையும் பார்த்து, அவரவர் ஸ்கேனரில் ‘சரி’ என்று அவரவரே பச்சை தொட வேண்டும் என்பது சட்டம். ஒன்று சிவப்பானாலும் அன்று பார்சல் கொடுக்க வேண்டிய விலாசங்கள் அதில் திறக்காது, மேலிடத்திலிருந்து எனக்குப் போன் வரும். நீங்கள் எல்லாரும் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று நான் எல்லா ஸ்கேனரையும் மேசையில் பரப்பி, டீயைக் குடித்தபடி வரிசையாகப் பச்சை தொட்டுவிடுவேன். எல்லாருடைய ரகசிய எண்ணும் எனக்கு மனப்பாடம். நீர் மட்டும் கிண்டலடிப்பீர்: “லேய், வண்டிய ஒருக்கா எட்டியாவது பாத்தியா? டீயக் குடிச்சிட்டே வைத்தியம் பாக்குத டாக்டரு!”

அன்று கொட்டுகிற மழை. மேசைக்கு வந்து சொன்னீர்: “மக்கா, பிரேக்கு மிதிச்சா தாந்து போவுது. இண்ணைக்கு இத வெளிய எடுக்கப்பிடாது.” ஏரியா ஆபீசருக்குப் போன் போட்டேன். வேறு வண்டி இல்லை, பழகின ஆள்தானே, மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்றார். அதையே உம் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “செரி, நீ சொன்னா போறேன்” என்று பெட்டி ஏற்றப் போய்விட்டீர். நான் உம் ஸ்கேனரை எடுத்துப் பச்சையைத் தொட்டேன்.

திருவட்டாறு போகும் இறக்கத்தில் வேன் நிற்கவில்லை. எதிரே வந்த ஆட்டோவுக்கு விலகி, ரப்பர் தோட்டத்துக் கல்கட்டுச் சுவரில் கொண்டு இடித்தீர். ஆட்டோவில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரேக் சரியென்று ஓட்டுநரே பதிவு செய்திருக்கிறார், தவறு அவருடையது என்று கம்பெனி உம்ம வீட்டுக்குக் கடிதம் அனுப்பியது. உம் அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபம் நடந்த அன்று மைனி அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். “பிரேக்கு செரியில்லண்ணு முந்தின நாளே எனக்க கிட்ட சொன்னாரே தம்பி. பின்ன எதுக்கு செரிண்ணு அவரே பச்சைய அமத்தினாரு? எங்கள ஒரு நிமிசம் நெனைக்கலியா?” தெரியாது மைனி என்றேன். பாவி நான், அப்படித்தான் சொன்னேன்.

இன்று பாதுகாப்பு வாரத் தொடக்கம். அதே ஏரியா ஆபீசர் வந்து பேனர் கட்டினார். டிரைவர்களுக்குப் புது மஞ்சள் ஜாக்கெட் நான்கு கொடுத்துப் படமெடுத்து, திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தார். பிறகு ஒரு தாளை என்னிடம் நீட்டி, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், வாசியுங்கள் என்று வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தார். அதில் பெயர் இல்லாமல் உம் கதைதான் இருந்தது. “பிரேக் சரியென்று ஓட்டுநர் தானே பதிவு செய்துவிட்டு” என்ற இடத்தில் தாளைத் தாழ்த்தினேன். “அவரு இல்ல சார். நான் அமத்தினது” என்று சொல்லியேவிட்டேன். டிரைவர்கள் ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியமே இல்லை. ஆபீசர் கோபப்படவும் இல்லை. போனில் எதையோ அழித்தார்.

“டென்ஷன் ஆயிட்டீங்க, பரவாயில்ல. மொதல்லேருந்து வாசிங்க.”

வாசித்தேன் அண்ணே. இரண்டாம் தடவை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவர் போனதும் டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து, மேசையிலிருந்து அவரவர் ஸ்கேனரை எடுத்துக்கொண்டார்கள். பச்சையை அவரவரே தொட்டார்கள். உம்முடையது மட்டும் மிஞ்சியது. மைனியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கருங்கல்லுக்குப் போய் உம்ம வீட்டுக் கேட்டருகே நின்றேன். பைக் சத்தம் கேட்டு மைனி உள்ளேயிருந்து, “யாரது?” என்றார்.

ஸ்கேனரைத் திரும்பத் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.