மூன்றாம் முறை கேட்க மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆபீசில் ஒரு சின்னக் கலாட்டா, பயப்படாதீர்கள். நாங்கள் செய்யும், தகவலைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துவைக்கும் ஃபிளாஷ் மெமரியில் ஒரு பக்கம் கெட்டுப்போனது. கம்ப்யூட்டர் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்ததில் மற்ற வேலையெல்லாம் நின்றுவிட்டது.

"இன்னும் பத்து தடவை படிக்க விடு, வழிக்கு வரும்" என்றார் மேனேஜர்.

"வராது சார். ரெண்டு தடவை கேட்டா போதும். மத்த பக்கங்களும் நாம போட்டு வெச்ச கூட்டுத்தொகையும் இருக்கே, விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு எடுத்துடலாம்."

அவர் முகம் சிவந்தது. நானும் விடவில்லை. புரோகிராமை மாற்றி ஓட்டிக் காட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் பக்கம் முழுசாக வந்தது.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். கடையில் வாங்கியது எனக்குப் பழகவேயில்லை.

இப்போது உங்கள் விஷயம். போனில் இரண்டு முறை கேட்டேன். "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்கள். உங்கள் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கியதாக அம்மா சொன்னாள். உங்கள் சைக்கிள் தனக்கு வந்துவிட்டதென்று தம்பி துள்ளுகிறான். கணக்குப் போட்டுவிட்டேன்: முழங்கால்.

வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. தம்பி கூட்டிப்போவான். என் ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்