காம்போடு பறித்த ஆப்பிள்

அக்கா,

அப்பா இன்று லோத்குண்டா கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டியில் ஆப்பிள் வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் நியூசிலாந்து என்று சின்ன ஸ்டிக்கர். எல்லாவற்றிலும் காம்பு அறாமல் இருந்தது.

"இழுக்கக் கூடாதுடி. உள்ளங்கையில ஏந்தி லேசா மேல திருப்பணும். காம்பு பிஞ்சா எடுத்துக்க மாட்டாங்க" என்று நீ கம்ப்யூட்டர் திரையில் வெறுங்கையால் செய்து காட்டியது நினைவுக்கு வந்தது.

மாதாப்பூர் கம்பெனி உன்னை வேலையை விட்டு அனுப்பிய பிறகு நியூசிலாந்துக்கு மேலே படிக்கப் போனாய். படிப்பு முடிந்தும் அங்கே ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னாய். அப்பா அதைச் சர்ச் முழுவதும் சொல்லிவிட்டார். நீ ஆப்பிள் தோட்டத்தில் பழம் பறிப்பது எனக்கு மட்டுமே தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்ததும் வீடியோவில் வருவாய். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பழைய கம்பெனி அட்டை. கீழே மண் படிந்த பேன்ட் என்று எனக்குத் தெரியும்.

"ஏண்டி இப்படிக் கறுத்துட்ட, ஆபீஸ்ல ஏசி இல்லையா?" என்பாள் அம்மா.

"ஏசி உள்ளே மட்டும்தாம்மா. கேன்டீன் வெளிய இருக்கு."

அம்மா சமையலறைக்குப் போன பிறகுதான் தோட்டத்தைப் பற்றிப் பேசுவாய். உன்னோடு பறிப்பவர்களில் பாதிப் பேர் ஸ்கூல் முடித்து ஒரு வருடம் ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். "பிக்னிக் மாதிரி பறிக்குதுங்க. போரடிச்சா பையைத் தூக்கிட்டு அடுத்த ஊர். எனக்குத்தான் அடுத்த ஊர் இல்ல" என்று சிரித்தாய்.

கடைசி ஞாயிறு நீ சிரிக்கவில்லை. மார்பில் மாட்டிய பழம் போடும் பை கனத்து முன்னால் இழுத்ததில், ஏணியிலிருந்து விழுந்திருந்தாய். தலையில் அடி.

"டாக்டர்கிட்ட போக்கா."

"நக்கோடி, வேணாம். எங்க விழுந்தேன்னு எழுதுவாங்க, வீட்டுக்குப் போன் போகும். அம்மாகிட்ட மூச்சு விடாத."

நான் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் உன் அறையில் தங்கியிருந்த ஜெர்மன் பெண் போன் செய்தாள். காலையில் நீ எழுந்திருக்கவில்லை என்றாள். எனக்கு இங்கிலீஷ் புரியும் என்று அப்பா போனை என்னிடம்தான் கொடுத்திருந்தார். அவள் அழுதுகொண்டே தோட்டம், ஏணி என்று சொன்னாள். விழுந்து தலையில் அடிபட்டு நீ போய்விட்டாய் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். "எங்க விழுந்தாளாம்?" என்று அப்பா கேட்டார்.

"ஆபீஸ் படிக்கட்டுல" என்றேன்.

இன்று ஆப்பிளை நறுக்கும்போது அம்மா கேட்டாள்: "இந்தக் காம்பை ஏன் விட்டு வெக்கிறாங்க?"

"பிச்சா அந்த எடத்துல சீக்கிரம் அழுகிடும்மா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"புக்ல படிச்சேன்."

நான் எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவள் என்பதால் நம்பிவிட்டாள்.

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அம்மா தினமும் கதவருகே வந்து நிற்கிறாள். "படிக்கட்டுல பாத்து இறங்குடி" என்கிறாள். கீழே போய்ச் சேரும்வரை உள்ளே போகமாட்டாள். நானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவள் பார்க்க இறங்குகிறேன்.