துண்டுக் கண்ணாடிக்குக் கணக்கு இல்லை

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள அத்தானுக்கு,

நான், மாமா, வாலு மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்ற வம்பு வழக்கையெல்லாம் நிம்மதியாக எழுத முடியும்.

போர் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் பட்டாள முகாமில் மட்டும் இன்னும் யாரோடு மல்லுக்கட்டுகிறீர்களோ தெரியவில்லை. விடுதலை உத்தரவு வந்துவிடும், வந்துவிடும் என்று மூன்று கடிதங்களில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்த உங்கள் மகள் வாலு, இப்போது கடைக்கு வருகிறவர்களிடம், "எங்கப்பா சண்டைய முடிச்சிட்டாரு, பூட்டிட்டு வரணும், அவ்வளவுதான்" என்று சொல்கிறாள். கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. எனக்கு மட்டும்தான் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கடை விஷயத்துக்கு வருகிறேன். குண்டு விழுந்த வருடத்திலிருந்து இந்தத் தெருவில் பாதி ஜன்னல்களில் அட்டையும் சாக்கும்தான். மழை தொடங்குவதற்குள் கண்ணாடி போட வேண்டும் என்று எல்லாரும் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். முன்பு இப்படிக் கூட்டம் வந்திருந்தால் நீங்கள் மேஜை மேல் ஏறி ஆடியிருப்பீர்கள். இப்போது கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கதவைச் சாத்திவிடலாம் போல இருக்கிறது.

காரணம், கண்ணாடிக்கு அரசாங்கம் விலை கட்டியிருக்கிறது. போருக்கு முந்தைய விலை. அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். கிடங்குக்காரரோ அதைப் போல இரண்டு பங்கு கேட்கிறார். ரசீது மட்டும் கட்டுப்பாட்டு விலைக்குப் போட்டுத் தருவார், மீதியைக் கையில் வாங்கிக்கொள்வார். பலகை விலைக்கு விற்றால் நமக்கு நஷ்டம். கூட்டி விற்றால் கள்ளச்சந்தை. விற்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பதுக்கல். நான் இந்த மூன்றையும் மாமாவிடம் கத்திச் சொன்னேன் (அந்தக் குண்டுச் சத்தத்துக்குப் பிறகு உங்கள் அப்பாவுக்குக் காது இன்னும் சரியாகவில்லை). அவர் யோசித்துவிட்டு, "அப்ப நாலாவதா என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

நாலாவதை அவர்தான் கண்டுபிடித்தார். பின்னறையில் அவர் சேர்த்து வைத்திருக்கிற துண்டுகள் இருக்கின்றன அல்லவா? முழம் நீளத்துக்குக் குறைந்தது வெட்டியவனுக்கு என்பதுதானே உங்கள் தொழிலில் வழக்கம். முப்பது வருடத் துண்டு, அளவு வாரியாக, சாக்குப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். ஜன்னல் சட்டத்துக்குள் குறுக்குச் சட்டம் அடித்து, சின்னச் சின்னக் கட்டமாக மக்குப் பசை வைத்துப் பொருத்தித் தருகிறோம். முழுத் தகடு வாங்க முடியாதவர்களுக்கு அதுவே போதும். கொடுத்ததை வாங்கிக்கொள்கிறோம். இதுவரை பதினெட்டு வீடு ஆகிவிட்டது.

போன வாரம் விலை ஆபீஸிலிருந்து நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் வந்தது. கையிருப்பு எவ்வளவு என்று லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டுமாம். லைசென்ஸ் உங்கள் பேரில். உங்களுக்கு அனுப்பி வாங்க நாள் ஏது? நானே உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நாலு வருடமாக ரயில்வே பார்சலுக்கெல்லாம் நான்தானே போடுகிறேன், உங்களைவிட எனக்கு அது அழகாக வருகிறது. நாற்பத்திரண்டு முழுத் தகடு என்று எழுதினேன். துண்டை எழுதணுமா என்று மாமாவைக் கேட்டேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மரத்தூளைக் கணக்கெடுக்கச் சொன்னால் தச்சர் பார்ப்பாரே, அப்படி. "துண்டுக்கு ஏதும்மா கணக்கு?" என்றார். விட்டுவிட்டேன்.

பக்கத்து ரொட்டிக் கடைக்கு நேற்று சீல் வைத்துவிட்டார்கள். கட்டிய விலைக்குக் கட்டுப்படியாகாமல் ரொட்டியை இரண்டு விரல் சின்னதாகச் சுட்டிருக்கிறார். தராசோடு வந்து நிறுத்துப் பார்த்து, மாவுக் கையைக்கூடக் கழுவ விடாமல் அழைத்துப் போனார்கள். நல்ல மனுஷன். சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சீக்கிரம் வாருங்கள். கடையில் உட்கார ஓர் ஆண் வேண்டும் என்பதற்காக இல்லை, கடையை நானே நடத்துவேன். எனக்கு நீங்கள் வேண்டும், அதனால் வாருங்கள்.

உங்கள் அன்பு மனைவி

*

வியாழக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் பதினாலாம் தேதி காலை ரயில் என்று படித்ததும் மாமா எழுந்து நின்றுவிட்டார். வாலு தெரு முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். நான் சமையல்கட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் சந்தோஷமான கடிதமாக இருந்திருக்கும். இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன்.

நேற்று விலை அதிகாரி வந்தார். காதில் பென்சில் செருகியிருப்பதால் தெருவில் அவருக்குப் பென்சில்காரர் என்று பேர். அதட்டவில்லை, மிரட்டவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னார். நாற்பத்திரண்டு தகடு என்று எழுதிக் கொடுத்த கடை, இரண்டு மாதத்தில் எப்படி இத்தனை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டது என்று மட்டும்தான் தெரிந்துகொள்ள வந்தாராம். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாம் ஜன்னல் போட்டுக்கொடுத்த வீட்டுக்காரர்களிலேயே யாரோ. யார் என்று யோசித்து யோசித்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கும்படி ஆகிவிட்டது, அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

பின்னறையைக் காட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது? அவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு துண்டாக உருவி, நீளம், அகலம் அளந்து எழுதினார். மாமா முதலில் சிரித்துக்கொண்டிருந்தார், "எண்ணுங்க, எண்ணுங்க, நானே எண்ணினதில்ல" என்றார். மத்தியானத்துக்கு மேல் அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கடைசியில் முந்நூற்று அறுபது சதுர அடி வந்தது. பாரத்தில் காட்டாத சரக்கு என்று அதற்குப் பேர் வைத்தார். துண்டைச் சரக்கில் சேர்ப்பது தொழிலில் வழக்கமே இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார், குறுக்கே பேசவே இல்லை. பிறகு, "சட்டத்துல வழக்கம்னு ஒரு கட்டம் இல்லயேம்மா" என்றார்.

என்னைத் தேற்றவும் செய்தார். "பயப்படாதீங்கம்மா, உங்க மேல ஒண்ணும் இல்ல. முகாம்லேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினவர்கிட்டதான் பேசணும். எப்ப வர்றாரு?" என்றார். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன். மாமாவுக்கு அவர் உதடு அசைந்ததில் அது மட்டும் எப்படிப் புரிந்ததோ, "பதினாலாம் தேதி காலை ரயில்ல வர்றான் என் பையன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

விசாரித்து எழுதுகிறேன். அதற்குள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி

*

செவ்வாய்க்கிழமை

அத்தான்,

இதைத் தபாலில் போடவில்லை. கடைசியாக வந்த உங்கள் கடிதத்தின் உறையில் பசை புதிதாக இருந்தது. லாண்டரிக்காரரின் மைத்துனர் லீவு முடிந்து உங்கள் முகாமுக்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுக்கிறேன்.

ரொட்டிக் கடைக்காரருக்கு இரண்டு வருடம் போட்டுவிட்டார்கள். இரண்டு விரல் ரொட்டிக்கு இரண்டு வருடம். பொய்க் கணக்கு கொடுத்ததற்கு மூன்று வருடம் வரை போகுமாம், பட்டாளத்து ஆளாக இருந்தால் அங்கே தனியாக ஒரு விசாரணையாம். லாண்டரிக்காரர் போலீஸ் ஸ்டேஷன் ஆட்களின் சட்டை துவைக்கிறவர், அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. பதினாலாம் தேதி ரயிலுக்கு மூன்று பேருக்கு டியூட்டி போட்டிருக்கிறார்கள் என்கிறார். எதிர்த் தையல் கடை பெஞ்சில் நாலு நாளாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தைக்கக் கொடுக்கவும் இல்லை, வாங்கிப் போகவும் இல்லை.

பின்னறைக்குச் சீல் வைத்தாகிவிட்டது. மாமா அந்தக் கதவைப் பார்க்காமல் இருப்பதற்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். "நான்தான் அவனப் புடிச்சுக் கொடுத்துட்டேன்" என்று ஒரே புலம்பல். அவர் பேசுவது தெருவுக்கெல்லாம் கேட்கிறது, நாம் சொல்லும் ஆறுதல் அவருக்குக் கேட்கமாட்டேன் என்கிறது.

அதனால் எழுதுகிறேன். வராதீர்கள். இந்தக் கையால் இதை எழுதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. உங்கள் மேலதிகாரியைப் பார்த்து இன்னும் ஆறு மாதம் இருக்கிறேன் என்று கேளுங்கள். பாலம் கட்டுகிறார்களாம், சாலை போடுகிறார்களாம், எதற்காவது பேர் கொடுங்கள். நாலு வருடம் பொறுத்தவளுக்கு ஆறு மாதம் பெரிதா? ஆறு மாதத்தில் இந்தச் சட்டமே மாறலாம். அந்தப் பாரத்தில் நான் கையெழுத்துப் போட்ட நிமிடத்தைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு கோடும் நடுங்காமல் போட்டேன், பாவி.

உங்கள் மனைவி

*

பதினொன்றாம் தேதி, காலை

அன்புள்ள அத்தானுக்கு,

மைத்துனர் மூலம் நீங்கள் கொடுத்தனுப்பிய பதில் நேற்று வந்தது. பதினாலாம் தேதி வந்தே தீருவீர்கள், அந்தக் கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல்லிவிடுவீர்கள், பாரத்தை ஆள் மூலம் வரவழைத்துப் போட்டு அனுப்பினேன் என்பீர்கள். இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில், கவலைப்படாதே என்று வேறு ஒரு வரி. உங்களுக்குப் பைத்தியமா? நாலு வருடம் சாவுக்குத் தப்பி வந்தது நான் போட்ட கோட்டுக்காகக் கம்பி எண்ணுவதற்கா? இங்கே இருந்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து உங்கள் மேல் எறிந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலிலேயே போடுகிறேன். நீங்கள் கிளம்பியிருப்பீர்கள், உங்கள் கைக்கு வந்து சேராது என்றும் தெரியும். அதனால் இதை நான்காக எழுதியிருக்கிறேன். ஒன்று முகாமுக்கு, ஒன்று மாமாவிடம், ஒன்று லாண்டரிக்காரரிடம், ஒன்று என் கையில். தபாலைப் பிரித்துப் படிப்பவர்களும் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும், அதற்காகத்தான் இவ்வளவு தெளிவான எழுத்தில் எழுதுகிறேன். அந்தப் பாரத்தை நிரப்பியது நான். என் கணவரின் கையெழுத்தைப் போட்டது நான். அவருக்கு அந்தப் பாரம் வந்ததே அப்போது தெரியாது. இதை அவர் வேறு மாதிரி சொன்னால், என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார்.

பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கிறது. பென்சில்காரர் என் பேச்சை நம்பமாட்டார், வீட்டுக்காரரைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்பார். அப்போது ஒரு தாள் வாங்கி, அவர் கண்ணெதிரே உங்கள் கையெழுத்தைப் பத்து தடவை போட்டுக் காட்டுவேன். பாரத்தை எடுத்து ஒத்துப் பார்க்கட்டும். கண்டிப்பாக ஒத்துப்போகும். எனக்குப் பயமாக இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பயத்தில் கோடு நடுங்கிவிடக் கூடாது என்பதுதான் பெரிய பயம். காலையிலிருந்து எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரயிலடியில் யாராவது உங்களை நிறுத்தினால் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எனக்கு ஒன்றும் தெரியாது. கோபத்தோடு சொல்லுங்கள், என்னைத் திட்டியும் சொல்லுங்கள், இன்னும் நல்லது. வீரம் காட்ட வேண்டாம். இரண்டு பேரும் உள்ளே போனால் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? காது கேட்காத கிழவரிடம் அழுதால் அவருக்கு எப்படித் தெரியும்? இதை மட்டும் யோசியுங்கள், மற்ற எதையும் யோசிக்க வேண்டாம்.

மாமாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவரிடம் பேசும்போது முகத்துக்கு நேரே நின்று பேசுங்கள். ரொட்டிக் கடைக்காரர் மனைவிக்கு வாரம் ஒரு முறை ஏதாவது கொடுத்து வருகிறேன், அதை நிறுத்திவிடாதீர்கள்.

வாலுவுக்கு உங்களைப் போட்டோவில்தான் தெரியும். முதல் நாள் உங்களிடம் வரமாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். கூப்பிடாதீர்கள். நீங்கள்பாட்டுக்கு ஏதாவது வேலை செய்துகொண்டிருங்கள், தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பிப்பாள். ஒரு பக்கமாகப் படுத்தால்தான் தூங்குவாள், முதுகில் கை வைத்திருக்க வேண்டும். அம்மா ஊருக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன், அப்பா வந்து பார்த்துக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கே வந்துவிடுவாயா என்று கேட்டாள். சரக்கு கிடைத்ததும் என்றேன். உங்களிடமும் கேட்பாள், தினமும் கேட்பாள். அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். வருஷக் கணக்கில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் அத்தான், அவளுக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.

பத்திரமாக வீடு வந்து சேருங்கள்.

என்றும் உங்கள் மனைவி