இடமில்லாத லேப்டாப்

வியாழக்கிழமை, ராத்திரி.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. விழுப்புரம் காலேஜில் படிக்கும் மகள் கவிதாவுக்குப் போன மாதம் திண்டிவனத்தில் லேப்டாப் வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. இன்று பாடத்துக்கான சாப்ட்வேரை ஏற்றினால் இடமில்லை என்கிறது. சனிக்கிழமை அவள் ப்ராஜெக்டைக் காட்டியாக வேண்டும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"மெமரி, ஸ்டோரேஜ் ரெண்டும் போர்டுலயே ஒட்டிக்கினு வருதுண்ணே, கூட்ட முடியாது. இந்த ரேட்டுக்கு இவ்ளோதான்" என்றான் கடைக்காரன்.

"நீ ஓசியில குடுத்த பையில நெறைய எடம் கீதே தம்பி, அதுல ஏத்திக்கட்டுமா?" என்றேன். கடையே சிரித்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நிலக்கடலை வியாபாரி நான்; மல்லாட்டை வாங்கும்போது நாலு காயை உடைத்துப் பருப்பைப் பார்க்காமல் மூட்டைக்கு விலை பேச மாட்டேன். அங்கே பையும் மவுஸும் கேட்டு வாங்கிய சந்தோஷத்தில், உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்று கேட்கவில்லை. படிக்கிற பிள்ளைக்கு என்று சொல்லித்தானே வாங்கினேன்? அவனாவது சொல்லியிருக்கலாம், பாவி.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கவிதா சிரித்த முகமாக, "ஏறிக்கினு கீதுப்பா! அக்கா கல்யாண போட்டோவெல்லாம் அழிச்சி எடம் பண்ணிட்டேன்" என்றாள்.

என் பழைய போனிலிருந்து லேப்டாப்பில் ஏற்றி வைத்தவை அவை; போன் உடைந்த பிறகு அந்தப் போட்டோக்கள் வேறெங்கும் இல்லை. பெரியவளிடம் இன்னும் சொல்லவில்லை.