ஐந்தடி பத்தங்குலம்

மார்ச் 3, செவ்வாய்
மாலை ஐந்துக்கு என்னிடம் பாடம் கேட்க வந்தவர்கள்: தையற்காரர் மகள், இரட்டையர் இருவர், தோழிகள் ‘ஒட்டகம்’ என்று கூப்பிடும் உயரமானவள். நால்வரையும் என்னிடம் அனுப்பிய அண்ணியும் இருந்தார். அந்தப் பிள்ளைகளின் பள்ளியில் அண்ணிதான் கணக்கு டீச்சர்.

பள்ளிக் கண்காட்சிக்கு வகுப்பின் சராசரி உயரம் வேண்டும். ஒட்டகத்தின் ஐந்தடி பத்தங்குலத்தை 5.10 என்று எழுதி 30.48-ஆல் பெருக்கியிருந்தார்கள். 155 செ.மீ.

“அடிக்குப் பன்னிரண்டு அங்குலம்டி, பத்து இல்ல.”

எல்லாவற்றையும் அங்குலமாக்கி 2.54-ஆல் பெருக்க வைத்தேன். 178.

“இப்பதான் ஆன்ட்டி என் தலை திரும்பக் கிடைச்சுது,” என்றாள் ஒட்டகம்.

அண்ணி சிரிக்கவில்லை. “தாளைக் குடுங்க. நான் ஒரு தடவை பாத்துடறேன்.”

மார்ச் 6
இன்று கண்காட்சி. பிரார்த்தனையில் நால்வர் பெயரையும் சொன்னேன்.

மார்ச் 10
யாரும் வரவில்லை. கடைத்தெருவில் தையற்காரர் மனைவியைக் கேட்டேன். “படிச்சவங்ககிட்ட அனுப்புங்கன்னு டீச்சர் சொன்னாங்க. தப்பா நினைக்காதீங்க.”

நான் ஒன்பதாவதோடு நின்றது இந்த ஊரில் அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 11
ஒட்டகம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கண்காட்சி அட்டையில் அவள் பெயருக்கு நேரே 155 என்றே இருந்ததாம். “நடுவர் அட்டையைப் பாத்தார், என்னை அண்ணாந்து பாத்தார். ‘இதுல இருக்கறது உன் தங்கச்சியாம்மா?’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர், ‘வீட்ல ஒரு அம்மா சொல்லிக்குடுத்தது சார், பத்தாவதுகூட எட்டாதவங்க’ன்னாங்க.”

“நாம 178 தானேடி போட்டோம்?”

“டீச்சர்தான் அடிச்சு மாத்தினாங்க. பயந்துட்டு வாயைத் தொறக்கல ஆன்ட்டி.” மடித்த தாளை நீட்டினாள். சிவப்பு மை. அண்ணியின் கையெழுத்து.

கணக்குத் தப்பு யாருக்கும் வரும். அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பதாவது — ஒருநாள் அடக்க முடியாமல் அழுதுகிட்டே அவங்ககிட்ட சொன்னது. இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்தது இதுக்குத்தானா?

மார்ச் 12
பிரார்த்தனையில் அண்ணி பெயர் வரும் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. தாண்டிப் போனேன். கடவுள் கவனித்திருப்பார்.

மார்ச் 14, சனி
மூன்று வீடுகளுக்கும் போய் என் படிப்பு எவ்வளவு என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். தையற்காரர் மனைவி உட்காரச் சொன்னாள். இரட்டையரின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். ஒட்டகத்தின் அப்பா, “அதனால என்னம்மா?” என்றார்.

பிறகு அண்ணிக்கு எழுதியது, அப்படியே:

அண்ணி, நீங்கள் திருத்திய தாள் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை, அண்ணனிடமும் காட்டவில்லை. 178-ஐ அடித்தது யார் என்று அந்தப் பிள்ளைகளின் வீட்டில் நீங்களே சொல்ல வேண்டும். சொல்வீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.