ஜின்சியின் தோலும் அம்மா சோப்பும்

1996 ஜூன் 8, சனி

விடாத மழை. எந்தத் துணியும் காயவில்லை. உதியன்குளங்கரை டுட்டோரியலில் இன்று எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. பாதிப் பேர் வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

நேற்று நர்சரி டீச்சர் ஜின்சியைப் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு சீட்டு: டாக்டரிடம் காட்டிய பிறகு அனுப்பவும். எல்.கே.ஜி. சேர்ந்து ஒரு வாரம் ஆகவில்லை. முழங்கை மடிப்பில் சிவப்பு, முழங்காலுக்குப் பின்னால் சிவப்பு, சொரிந்து சொரிந்து தடித்த தோல். மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். ஜி.க்கு (முழுப்பெயர் எழுதப் பொறுமை இல்லை) அது பெருமை. "எனக்கு மட்டும் தனி பெஞ்சு அப்பா."

பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். பெருநோயாக இருக்குமோ என்ற பயம். குண்டூசியின் மொட்டை நுனியால் தொட்டுப் பார்த்தேன். "கிச்சுக்கிச்சு" என்று சிரித்தாள். உணர்ச்சி இருக்கிறது. பயம் மட்டும் இறங்கவில்லை.

ரெஜினா இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். அம்மா, அதுவும் நர்ஸ். கல்ஃபுக்குப் போய்ப் பதினாலு மாதம். இரண்டு வருட ஒப்பந்தம், பாஸ்போர்ட் ஆஸ்பத்திரிக்காரர்கள் கையில். போகும்போது சொன்னது: "பிள்ளைக்கு சீக்கு வல்லதும் வந்தா மறைக்கப்படாது, கேட்டீங்களா. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவேன்." செய்வாள். நடுவில் விட்டுவிட்டு வரப்பார்த்தால் அங்கே என்ன செய்வார்களோ. அதுவும் பயம்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு லூசியக்கா வந்து பார்த்தார். நான் வேலைக்குப் போனால் ஜி.யைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ரெ. போன் பண்ணுவதும் அவர் வீட்டுக்குத்தான்.

"இது அழுக்காக்கும் தம்பி. ஆம்பள குளிப்பாட்டினா இப்படித்தான். இஞ்சநார் வச்சு நல்லா தேச்சா போவும்."

அவரே கொண்டுவந்தார், இடித்த மரப்பட்டை நார். எங்களை எல்லாம் அதைத் தேய்த்துத்தான் வளர்த்தார்கள். தேய்த்தேன். இரண்டு கையிலும் ரத்தம் புள்ளிபுள்ளியாக வந்தது. ஜி. கத்தியது இன்னும் காதில். நானும் கூடச் சேர்ந்து, "கொஞ்சம் பொறு, அழுக்கு போவட்டு" என்று தேய்த்தேனே. மடையன்.

சாயங்காலம் பாறசாலைக் கடை. சோப்பு கேட்டதும் கடைக்காரர் அலமாரியையே இறக்கி வைத்துவிட்டார்.

– சிவப்பு. ஆஸ்பத்திரி வாசனை. கிருமி சாகுமாம்.
– பச்சை. பதினெட்டு மூலிகை. பெட்டியில் இலைப் படம்.
– வேப்பெண்ணெய்.
– கண்ணாடி மாதிரி ஒன்று. எதிர்ப்பக்கம் தெரிகிறது.
– பெட்டியில் குழந்தை சிரிப்பது. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை, சிரிக்கிறது.

"சாரே, சொறிக்கு வேப்பெண்ணெய்தான். எரியும். எரிஞ்சா பிடிக்குதுன்னு அர்த்தம்." வாங்கினேன். வீட்டில் நுரை பட்டதும் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிவிட்டாள். "எனக்கு அம்ம சோப்பு மதி!" அதுவே போதுமாம்.

அம்மா சோப்பு என்றால், போன மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் ரெ. கொடுத்துவிட்ட ஆறு கட்டி. ரோஜா நிறம். திறந்தாலே முற்றம் வரை மணக்கும். அது வந்ததிலிருந்து குளிக்க ஜி. அடம் பிடிப்பதில்லை, இரண்டு வேளை குளிக்கிறாள். இன்றும் கடைசியில் அதையே போட்டேன். அழுகை நிற்க வேண்டுமே.

ஜூன் 11, செவ்வாய்

காய்ச்சல். முழங்கையில் மஞ்சள் நீர் கட்டியிருக்கிறது. டுட்டோரியலுக்கு லீவு. ஜி.யைத் தோளில் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரை பஸ். பக்கத்தில் இருந்த பெண்மணி கையைப் பார்த்ததும் எழுந்து போய் நின்றுகொண்டாள். ஜி. அந்த இடத்தில் கால் நீட்டிப் படுத்தாள்.

தோல் டாக்டரம்மா. நடுவயது, மலையாளம், கண்டிப்பு. கேட்க நினைத்த வார்த்தையைக் கேட்க முடியவில்லை, அவரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பேடிக்கண்டா. அதொந்நுமல்லா." பயப்படாதே, அதெல்லாம் இல்லை. கரப்பன். யாருக்கும் தொற்றாது. நர்சரிக்கும் எழுதிக் கொடுத்தார். சொரிந்த இடத்தில் கிருமி ஏறியதால்தான் காய்ச்சல். இரண்டு நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்திருக்கும் என்றார்.

அவர் சொன்னது, மறக்காமல் இருக்க:
நாரே ஆகாது. தேய்ப்பே வேண்டாம்.
வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிடம்.
சோப்பு அக்குள், கால், இடுக்கு மட்டும். மணம் இல்லாதது, நிறம் இல்லாதது. நுரை குறைவாக வந்தால் நல்லது.
எது வாங்கினாலும் முதலில் கையின் உள்பக்கம் ஒரு பொட்டு, சில நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.
துண்டால் ஒற்ற வேண்டும். ஈரம் இருக்கும்போதே களிம்பு.
மருந்து சிரப் மூன்று வேளை.

வேப்பிலை, மூலிகை? என்றேன். "எல்லாம் மணம்தானே" என்றார்.

மருந்துக்கடையில் வெள்ளையாக ஒரு கட்டி. முகர்ந்தேன், மெழுகுவர்த்தி மாதிரி. ஜி.க்குப் பிடிக்கவில்லை. "இது ஆருக்க சோப்பு?"

ஜூன் 12, புதன்

காய்ச்சல் குறைவு. அம்மா சோப்பு ஐந்தரைக் கட்டியும் கண்ணில் படாமல் எடுத்தேன். தூக்கிப்போட மனம் இல்லை. கல்ஃப் சோப்பு, இங்கே எல்லா வீட்டிலும் பீரோவில் துணிக்கு நடுவில் வைப்பது வழக்கம். மழைக்காலத்தில் துணி நாறாது. நானும் ஜி.யின் தட்டில் வைத்தேன், ஒவ்வொரு சட்டை மடிப்புக்குள்ளும் ஒன்று. குளிக்க முடியாவிட்டால் என்ன, அம்மா வாசனையாவது இருக்கட்டும். நல்ல காரியம் செய்த திருப்தி.

ஜூன் 14, வெள்ளி

ரெ. போன் பண்ணும் நாள். வழியிலேயே ஜி.யிடம் சொன்னேன்: "அம்மைட்ட கை வலி ஒண்ணும் சொல்லப்படாது, என்னா? அம்ம பயப்படும்." தலையாட்டினாள்.

லூ. அக்கா வீட்டுக் கூடத்தில் டி.வி., அவர், அவர் கணவர், அவர்கள் விருந்தாளிகள் இருவர். எல்லோரும் நம் போனையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். ரெ.: "பிள்ளைக்கு சோப்பு பிடிச்சுதா?" நான்: "பின்ன! தொட்டிய விட்டு இறங்கவே மாட்டேங்குறா." மூன்று நிமிடம். முடிந்ததும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

முழங்கை ஆறுகிறது. தூங்கும்போது சொரியவில்லை. நாலு முறை எழுந்து பார்த்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஐயோ. முதுகு முழுக்கச் சிவப்பு. கழுத்து, தோள், இடுப்பைச் சுற்றி. முன்பு இல்லாத இடங்கள். டாக்டரம்மா தப்பாகச் சொல்லிவிட்டாரோ? மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ? லூ. அக்கா எனக்குத் தெரியாமல் எதையாவது தேய்த்திருப்பாரோ? நேரே போய்க் கேட்டேவிட்டேன், கொஞ்சம் சத்தமாக. அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கப் பிள்ளையப் போலத்தானே பாக்குதேன் தம்பி."

திரும்பி வந்து மாற்றுச் சட்டைக்காகப் பீரோவைத் திறந்தேன். மணம் முகத்தில் அடித்தது. ஜி. நின்றிருந்தாள், சட்டை இல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு. சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தேன். பெட்டிக்கோட்டின் அளவு. தையல்காரன் அளவெடுத்த மாதிரி.

நானே. ஒவ்வொரு மடிப்பிலும் என் கையாலே வைத்தேன்.

லூ. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வந்து துணியை எல்லாம் வாரிப் போட்டு, என்னோடு நின்று வெந்நீரில் அலசினார். ஒரு முறை, இரண்டு முறை. நாலாவது முறைதான் மணம் போயிற்று. எங்கே காயப்போடுவது, மழை.

ஜூன் 19, புதன்

மறுபடி டாக்டரம்மா. பீரோ கதையைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த நாட்டில் மூன்றில் ஒரு வீட்டில் இதைத்தான் செய்கிறீர்கள்" என்று மலையாளத்தில் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெழுகுவர்த்தி சோப்பு பரவாயில்லை, அதையே தொடரச் சொன்னார். "இது வரும், போகும். வளர வளரக் குறையலாம்." குறையும் என்று சொல்லவில்லை, குறையலாம் என்றுதான். பஸ்ஸில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

மழை. முதுகு வெளிறிவருகிறது. ஜி. கஞ்சி முழுதும் குடித்தாள்.

ஐந்து மணிக்குப் போன். இந்த முறை ஜி.யே முதலில் எடுத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல அம்மே. கை ஒண்ணும் வலிக்கல்ல. முதுகும் வலிக்கல்ல. காய்ச்சலே வரல்ல. அப்பா டாக்டர்ட்ட கொண்டுபோவவே இல்ல."

நாலரை வயது. கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள், முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள், சரிதானே என்கிற மாதிரி. ரிசீவரை வாங்கினேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நார், காய்ச்சல், பீரோ, சோப்பு.

ரெ. முழுதும் கேட்டாள்.

"எனக்க கையும் அப்படித்தான் இருக்குது" என்றாள்.

"என்னது?"

"மார்ச்சு மாசத்திலேயிருந்து. ஒவ்வொரு ஆளத் தொட்ட பொறவும் கழுவணும். ஒரு நாளைக்கு அம்பது தடவ. வெடிச்சு ரத்தம் வருது. அனுப்பின போட்டோவில எல்லாம் கைய முந்தானைக்குள்ள வச்சுட்டுத்தான் நின்னேன். உங்களுக்குப் பயம் வருமேன்னு சொல்லல."

எந்த சோப்பு, எந்த சோப்பு போட்டுக் கழுவுகிறாய் என்று இரண்டு முறை கேட்டேன். பதில் அழுகையில் கலைந்துவிட்டது. பிறகு லைன் போய்விட்டது.

ஜி. என் வேட்டியை இழுத்தாள். "அம்ம அழுதாளா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"ஆமா மக்கா. அழுதா."

"ஒனக்குப் பயமா அப்பா?"

"பயமாக்கும்."

லூ. அக்கா டி.வி.யை அணைத்தார். வீட்டுக்கு நனைந்துகொண்டே வந்தோம், குடை அங்கேயே இருக்கிறது.